குண்டர் சட்டமும் ஆட்கொணர்வு மனுவும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துச் சபையார், பிறர் பொருளைக் கவர்ந்தோர் முதலியோர் வாரியத்திற்கு உரியரல்லர் என விதித்து, அவ்விதியை யாவரும் காணக் கல்லில் வெட்டுவித்தனர். விலக்குதற்குரிய காரணம் மறைவின்றி எழுதப்பட்டது.

இக்காலத்தும் அந்நெறியே வேண்டப்படுகின்றது. மக்கள் குண்டர் சட்டம் என வழங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டப்படி, நம் ஊர்ப்புறத்தில் மாவட்ட ஆட்சியர் ஆணையால் ஒருவனை விசாரணையின்றியே 12 மாதம் வரை காவலில் வைக்கலாம். ஊர் அச்சமின்றி வாழ இது வேண்டும் என்பாருளர். எனினும், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவன் ஓராண்டினை இழத்தல் சிறிதோ?

அவன் உறவினர் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இடலாம். அங்கு நீதிபதிகள் அவன் குற்றவாளியோ என்பதனை ஆராயார். அவனைத் தடுத்த முறை செவ்விதோ என்பதனையே ஆராய்வர். ஆணை நீங்கினும் அவன்மீதுள்ள குற்றவழக்கு நீங்காது. தடுத்த காரணங்கள் அவனறிந்த மொழியிற் புலப்படல் வேண்டுமென 1962இலும், பொதுச்சட்டமே போதுமாயின் தடுப்புக்காவல் செல்லாதென 2011இல் ரேகா வழக்கிலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழன்றி வேறறியாதானுக்கு ஆங்கிலத் தாளை மட்டும் அளித்தல் அளியாமையே யாகும். காரணம் அறியாதவன் மறுமொழி கூறுவது எங்ஙனம்?