சம்பளத்தை விட்டுச் செம்மறிக்கு

அலுவலக வேலையை விட்டு ஆட்டுப்பண்ணை தொடங்குகிறவர்களில் பலர் முதலில் கொட்டகை கட்டுகிறார்கள், அடுத்து ஆடு வாங்குகிறார்கள், தீவனத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். இந்த வரிசையே பல பண்ணைகளை இரண்டு வருடத்தில் மூட வைக்கிறது. செம்மறி வளர்ப்பின் அடிப்படை புல் வளர்ப்புதான். புல்லுக்கு ஏற்ற ஆடு, ஆட்டைச் சுற்றிப் பல வருமானம் என்று போனால் பண்ணை நிற்கும்.

இதற்கு நல்ல பாடம் திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் உள்ள கொறங்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் மூன்று தாவரங்கள் முக்கியம்: தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. கோடையில் காய்ந்து கிடக்கும் கொழுக்கட்டைப் புல், ஒரு மழை விழுந்ததும் தூரிலிருந்து துளிர்க்கும். புல் குறையும் காலத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். வேலி அடர்த்தியாக இருப்பதால் நாள் முழுக்க மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை.

செம்மறி தரையோடு தரையாகக் கடிக்கும். ஒரே காட்டில் விட்டுக்கொண்டே இருந்தால் தூர் அழிந்துவிடும். அதனால் நிலத்தைப் பல துண்டாக்கி மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். புதிதாக வருகிறவர் முதல் மழைக்காலத்தைப் புல் விதைப்புக்கும் வேலிக்கும் கொடுத்துவிட வேண்டும்.

இனத்தைத் தேர்வதிலும் மண்தான் வழிகாட்டி. கொங்குப் பகுதிக்கு மேச்சேரி; தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் வேம்பூர்; சென்னையைச் சுற்றிய மாவட்டங்களுக்குச் சென்னைச் சிவப்பு எனத் தமிழ்நாட்டில் வட்டாரத்துக்கு ஓர் ஆடு உண்டு. வெளிர் பழுப்பு நிறமும் குட்டை முடியும் கொண்ட மேச்சேரி, கறிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது. இதற்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 25 முதல் 30 பெட்டை ஆட்டுக்கு ஒரு பொலிகிடா போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றாவிட்டால் சொந்த ரத்தக் கலப்பு ஏற்பட்டுக் குட்டிகள் நோஞ்சானாகும்.

சம்பளக்காரருக்குப் பெரிய மாற்றம் பணம் வரும் காலத்தில் இருக்கிறது. சினைக்காலம் ஏறக்குறைய 5 மாதம். குட்டி விற்கும் பருவத்துக்கு வர இன்னும் 4 முதல் 6 மாதம். ஆடு வாங்கிய நாளிலிருந்து முதல் குட்டிப் பணம் கைக்கு வர ஒரு வருடம்வரை ஆகலாம். அந்த ஒரு வருட வீட்டுச் செலவு தனியாக இருப்பில் இருக்க வேண்டும். நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். ஆனால் 50 ஆட்டில் ஒவ்வொரு ஈற்றுக்கும் 40 குட்டி என்று வைத்தால் வருடத்துக்குச் சராசரி 60. அதில் சாவு 6, மந்தையைப் புதுப்பிக்க நிறுத்துவது 10 போக, விற்பதற்கு 44 குட்டிதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் லாபக் கணக்குகள் இந்தக் கழித்தலைக் காட்டுவதில்லை.

இந்த வருமான இடைவெளியை நிரப்பத்தான் பல்வகைப் பண்ணை. ஆட்டெரு அந்த வருடம், மாட்டெரு மறு வருடம் என்பது பழமொழி. புழுக்கை விரைவில் பயிருக்குச் சத்தாகும் என்பது அதன் பொருள். இரவில் படல் கட்டிக் கிடை போட்டால் எருவும் சிறுநீரும் நேரே நிலத்தில் சேரும். பக்கத்துத் தோட்டங்களில் கிடை போட்டால் கூலியும் உண்டு. அந்த எருவில் முருங்கை வளரும். கவாத்து செய்த முருங்கைக் கிளை ஆட்டுக்குத் தழையாகும். கடலை போட்டால் காய் சந்தைக்கு, கொடி ஆட்டுக்கு. வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால். தீவனச் சோளத்தை மட்டும் இளம்பயிரில் மேய விடக் கூடாது. அதில் ஆட்டைக் கொல்லும் நஞ்சு உண்டு, பூத்தபின் அறுப்பதே நல்லது. பட்டியைச் சுற்றி நாட்டுக்கோழி திரிந்தால் உண்ணியையும் பூச்சியையும் பொறுக்கும்; வாரச் செலவுக்கு முட்டையும் சேவலும் கைகொடுக்கும்.

மந்தையைக் காப்பது கண்தான். மாலையில் ஆடுகள் பட்டிக்குள் நுழையும்போது வாசலில் நின்று எண்ண வேண்டும். பின்தங்கி வரும் ஆட்டைப் பிடித்துக் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தால், உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பொருள். ஈன்ற குட்டிக்குத் தொப்புள்கொடியில் அயோடின் தடவி, அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். மழைக்குப் பின் துளிர்த்த புல்லை ஆவலோடு மேயும் கொழுத்த ஆடுகளைத் துள்ளுமாரி நோய் ஒரே இரவில் சாய்த்துவிடும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, நீலநாக்கு நோய்த் தடுப்பூசிகளுக்குக் கால்நடை மருந்தகத்தின் அட்டவணையைப் பின்பற்ற வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் அண்மை ஆண்டுகளாகத் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொல்வது பெரும் வேதனை. இரவுப் பட்டிக்கு உயரமான கம்பி வலையும் மந்தைக்குக் காப்பீடும் கட்டாயம்.

விற்பனையைக் காலண்டரை வைத்துத் திட்டமிடலாம். ஆடிக் கோயில் விழாக்கள், தீபாவளி, பக்ரீத் சமயங்களில் கிடாய்க்கு விலை ஏறும். பக்ரீத் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால், கிடா சேர்க்கும் மாதத்தையும் அதற்கேற்ப முன்தள்ள வேண்டும். சந்தையில் கைமதிப்பாகப் பேசுவதைவிட, பண்ணையிலேயே உயிர் எடை போட்டு விற்பது புதியவருக்குப் பாதுகாப்பு.

தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்கு 50 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் உண்டு. வங்கிக் கடனோ சொந்தப் பணமோ போட்டு வேலை தொடங்கிய பின்பே அது இரண்டு தவணைகளாக வரும். மானியத்துக்காக முதல் நாளே 100 ஆட்டில் இறங்குவது ஆபத்து. வேலையில் இருந்தபடியே பயிற்சி பெற்று, புல்லை நிலைநிறுத்தி, 20 ஆட்டோடு தொடங்கி, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்து, அந்த மந்தையின் குட்டிகளை விற்றுப் பார்த்த பிறகு வேலையை விடுவது நல்லது. அதற்குள் தன் நிலம் எத்தனை ஆட்டைத் தாங்கும் என்பது புதியவருக்கே தெரிந்திருக்கும்.