இரண்டு லேன் கார்டும் ஒரு கேட்வேயும்

மணவூரில் ரயிலேறி மேற்கே செல்லும் பிரயாணி, திருவாலங்காட்டைக் கடந்து அரக்கோணத்தை அடைந்தபின், திருத்தணி முருகனைத் தரிசிக்க விரும்பினால் ரேணிகுண்டாவை நோக்கி வடக்கே பிரியும் பாதையையும், காட்பாடிக்குப் போக விரும்பினால், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் சென்ற அந்தப் பழைய மேற்கு மார்க்கத்தையும் பற்றியாகவேண்டும். இரண்டு லேன் கார்டுகளைப் பெற்ற கணினியும் அத்தகைய ஒரு சந்திப்பு நிலையமே. வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதை அது கணந்தோறும் நிர்ணயித்துக்கொண்டிருக்கிறது.

மணவூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், மாணவர்களின் கணினிகள் யாவும் ஒரு ஸ்விட்சில் இணைந்திருப்பதாகவும், அந்த ஸ்விட்சுக்கு ஒரு கேபிளும் பிராட்பேண்ட் மோடத்துக்கு மற்றொரு கேபிளுமாகத் தலைமைக் கணினியில் இரண்டு கார்டுகள் பொருத்தப்பட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அதில் டெபியன் லினக்ஸைப் புதிதாக நிறுவுகிறார்கள். சென்னையிலுள்ள சி-டாக் ஸ்தாபனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் என்னும் பாரத இயக்கமுறைமையும் இந்த டெபியனின் வழிவந்ததுதான். நிறுவும்போது, "பல இடைமுகங்கள் உள்ளன, எது முதன்மையானது?" என்ற பொருளில் ஒரு கேள்வி எழுகிறது. நாம் எதைக் காட்டுகிறோமோ அதற்கு மட்டும் விலாசம் அமைத்துவிட்டு, மற்றதை நிறுவுநிரல் அப்படியே விட்டுவிடுகிறது. வரைகலை மேசை இல்லாத சர்வராக நிறுவியிருந்தால், வேலை முடிந்தபின் இரண்டாவது கார்டுக்கு விலாசமே இருக்காது. கார்டு பழுது என்று அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்கிறவர்கள் அநேகர். பழுது ஒன்றுமில்லை, அதற்கு உரிய நாலு வரியை இன்டர்ஃபேசஸ் என்னும் கோப்பில் நாமே எழுதவேண்டும், அவ்வளவுதான்.

எழுதுமுன் எந்தக் கார்டு எது என்று அறியவேண்டும். முற்காலத்தில் கெர்னல் கண்டுகொண்ட வரிசைப்படி ஈத்0, ஈத்1 என்று பெயரிட்டுவந்தபடியால், ஒருநாள் மோடத்தின் கார்டாக இருந்தது மறுநாள் ஸ்விட்சின் கார்டாக மாறிவிடும் விபரீதம் நேர்வதுண்டு. 2017-ல் வந்த ஒன்பதாம் டெபியன் முதல், புதிய நிறுவல்களில் கார்டு செருகப்பட்ட இடத்தையே பெயரில் பொதிந்து, ஈஎன்பி3எஸ்0 என்பதுபோல வழங்குகிறார்கள். கேட்கக் கர்ணகடூரமான பெயர்தான், ஆயினும் ஸ்திரமானது. சந்தேகமிருந்தால் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு, எந்தப் பெயருக்கு எதிரே இணைப்பு அற்றதாகக் காட்டுகிறது என்று பார்ப்பதைவிட நிச்சயமான சோதனை வேறில்லை.

அடுத்தது விலாசம். 1994-ல் தனிப்பயனுக்கென்று ஒதுக்கப்பட்ட எண்களில், 192.168.1 என்று தொடங்கும் வரிசையையே பல மோடங்கள் தமக்கு வைத்துக்கொள்கின்றன. பள்ளியின் உள்வலைக்கும் பழக்கத்தினால் அதே வரிசையை இட்டுவிட்டால், ஒரே ஊர் இரு பாதைகளிலும் இருப்பதாகக் கணினி மயங்கி, மாணவர் கணினிக்கு அனுப்பவேண்டியதை மோடத்தின் பக்கம் அனுப்பிவிடக்கூடும். உள்வலைக்கு 10.0.5 என்பதுபோல வேறொரு வரிசையைக் கொடுப்பதே உசிதம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கேட்வே. தனக்கு நேராகத் தெரிந்த விலாசங்களுக்குக் கணினி அந்தந்தக் கார்டின் வழியே அனுப்பும். தெரியாதவை அனைத்தையும் கேட்வேயிடம் ஒப்படைக்கும். ஆகவே வெளியுலகுக்கு வழியுள்ள மோடத்தின் கார்டுக்கு மட்டுமே கேட்வே எழுதவேண்டும். பூர்த்தி செய்யவேண்டிய கட்டம் காலியாயிருப்பதைப் பொறாத சிலர், உள்வலைக் கார்டுக்கும் ஏதோ ஓர் எண்ணை இட்டுவிட, வெளியே போகவேண்டியவை ஸ்விட்சுக்குள்ளேயே அலைந்து மடிகின்றன. குற்றம் மட்டும் இணைய நிறுவனத்தின் தலையில் விழுகிறது.

இவ்வளவு செய்தும் மாணவர் கணினிகளுக்கு இணையம் எட்டாது. ஒரு கார்டில் வந்ததை மற்றொன்றின் வழியே கடத்தும் காரியத்தை லினக்ஸ் இயல்பாகச் செய்வதில்லை. அந்த அனுமதியை நாம் பிரத்யேகமாக அளிப்பதோடு, உள்வலை விலாசங்களைத் தலைமைக் கணினியின் விலாசமாக மாற்றியனுப்பும் நேட் விதியையும் சேர்க்கவேண்டும். கட்டளையாகத் தட்டச்சு செய்தவை மின்சாரம் போனதும் மறைந்துவிடுமாதலால், இவ்விரண்டையும் அவற்றுக்குரிய கோப்புகளில் எழுதி, கணினியை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கிய பிறகே மாணவர்களை உள்ளே அழைக்கலாம்.