வாயில் வந்த குஞ்சும் பையில் வரும் குஞ்சும்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஜிலேபி மீனை யாரும் கொண்டுவந்து விட்டதாக ஞாபகம் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் மைதா மாவைப் பிசைந்துகொண்டு படியில் உட்கார்ந்தால், பொழுது சாய்வதற்குள் ஒரு குழம்புக்குத் தேறிவிடும். உள்ளங்கை அளவைத் தாண்டாது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பழைய வேட்டியை விரித்து அரிப்போம். அப்படி அள்ளிய பெட்டை மீனைக் கல்லில் போட்டதும் அதன் வாயிலிருந்து பொடிப்பொடியாகக் குஞ்சுகள் கொட்டும். முட்டையை வாயிலேயே அடைகாக்கிற மீன் அது என்பதெல்லாம் அப்போது தெரியாது. பாவம் என்று குஞ்சுகளைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவோம்.

ஜிலேபி தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மீன். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், எதையும் தின்னும், ஏழைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். திலாப்பியா நம் வாயில் ஜிலேபி ஆனது. ஆனால் இரண்டு மூன்று மாதத்திலேயே அது முட்டை வைக்கத் தொடங்கிவிடும். குளம் நிறைந்து, இரை பற்றாமல் அத்தனையும் குட்டையாகவே நின்றுவிடும். கெண்டைக்கும் இரை மிஞ்சாது. 1959-லேயே இதைப் பரப்பத் தடை போட்டார்கள். அதற்குள் அது கண்மாய் ஏறிவிட்டது.

இன்று அதே கிணற்றுக்கு மேற்கே மச்சான் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் குஞ்சு வருகிறது, காசுக்கு. பையை உடனே அவிழ்ப்பதில்லை. கால்மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, உள்ளும் புறமும் சூடு சமமானதும் வாயைத் திறந்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊற்றுகிறார். குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியே வரவேண்டும்.

இது வேறு ஜாதி: நைல் திலாப்பியா. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆய்வில், பொறுக்கிப் பொறுக்கிக் கலந்து உருவாக்கிய ‘கிஃப்ட்’ ரகம். ஆறு மாதத்தில் அரைக் கிலோ தொடும். பெட்டை அடைகாக்கும் நாளெல்லாம் பட்டினி கிடப்பதால் வளராது. அதனால் குஞ்சுப் பருவத்தில் மூன்று வாரம் தீனியில் ஹார்மோன் கலந்து எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். தானாகப் பெருகியதற்காகத் திட்டுவாங்கிய மீனை, பெருகாது என்பதற்காகவே இப்போது விலை கொடுத்து வாங்குகிறோம்.

மச்சான் குட்டையில் நானும் தூண்டில் போட்டேன். நல்ல கனம், சதைப்பிடிப்பு. ருசிக்குப் பழைய உள்ளங்கை மீன்தான் என்பேன், மச்சான் ஒப்பமாட்டார்.

கண்மாயில் அயிரையும் கெண்டையும் குறைந்ததற்கு ஜிலேபி மட்டும் காரணமில்லை. ஆனால் அதற்கும் பங்கு உண்டு. நூற்றுக்கு நூறு ஆண் என்று சொல்லி விற்றாலும் ஒன்றிரண்டு பெட்டை தப்பி வந்துவிடும்; அது கண்மாய்க்குப் போனால் பழைய கதைதான். குட்டை வைக்கப் போகிறவர்கள் மீன்வளத் துறையில் அனுமதி வாங்குங்கள். வடிகாலில் சன்னக்கண் வலை கட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பையை அவிழுங்கள்.