"படம் எப்படி?"

திரைப்படம் பார்த்து வந்தவரிடம் "படம் எப்படி?" என வினவினால், "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் விடையாகும். ஆயின் இலங்கைத் தமிழரைக் கதைமாந்தராகக் கொண்ட தமிழகப் படமெனில், திருகோணமலையில் இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு: "எங்கட தமிழைச் சரியாக் கதைச்சிருக்கிறாங்களா?"

இக்கேள்வி அற்பமானதன்று. 2000 இல் வெளிவந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசியது யாழ்ப்பாண வழக்கைத் தழுவிய தமிழ். 2002 இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' இலங்கைப் போரைத் திரைக்குக் கொணர்ந்தது. 2025 இல் வெளியான 'டூரிஸ்ட் பேமிலி'யிலோ, பொருளாதார நெருக்கடியால் தமிழகம் செல்லும் குடும்பம், தன் பேச்சே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என அஞ்சுகின்றது. அங்கு பேச்சுவழக்கே கதையின் முடிச்சாகும்.

எனினும், 'இலங்கைத் தமிழ்' எனத் திரையில் கேட்பது பெரும்பாலும் வடபுலத்தின் சாயலே. கிழக்கின் வழக்கும், மூதூர், கிண்ணியா முஸ்லிம்கள் நாளாந்தம் பேசும் தமிழும் ஒலிப்பது அரிது. திரையில் கேளாத வழக்கை, இல்லாத வழக்கென்றே அயலார் எண்ணக்கூடும்.

ஆகவே "பரவாயில்லை" என்பதோடு நில்லாது, எவருடைய பேச்சு ஒலித்தது, எவருடையது விடுபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். பார்வையாளர் வாய்திறந்தாலன்றிப் படைப்பாளிகள் செவிசாய்க்கப் போவதில்லை.