தலைகீழாகப் படுக்கும் ரயில்

மைசூர் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே 1979-இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் மகாராணியின் சலூன் வண்டியை அருகில் போய்ப் பார்த்தால், இதன் அடிப்பக்கம் பழுதானால் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றும். விடை அதே ஊரின் அசோகபுரம் பணிமனையில் இருக்கிறது. அங்கே பெட்டியை மேலே தூக்கி, அடியிலுள்ள சக்கரத் தொகுதியை உருட்டி வெளியே எடுப்பார்கள். பெட்டியைக் கவிழ்ப்பதில்லை.

வீட்டு மேஜையில் ஓடும் மாதிரி ரயிலுக்கோ கவிழ்ப்பதுதான் வைத்தியம். உலகெங்கும் புகழ்பெற்ற 'ஹெச்.ஓ.' மாதிரிகள் உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைந்தால் எடை 87×87×87, அதாவது 6,58,503 மடங்கு குறையும். 40 டன் பெட்டியை அதே பொருள்களால் அச்சு அசலாகச் சுருக்கினால் 61 கிராம்தான்! ஆனால் 26 மி.மீ. கனமுள்ள கைப்பிடிக் கம்பியும் 0.3 மி.மீ. ஆகிவிடுமே. தொட்டாலே வளையும்.

சரி, கவிழ்த்த இஞ்சினை எதில் நிறுத்துவது? பட்டறையில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, திருகைச் சுற்றி இரு தாடைகளுக்கு இடையே பொருளை இறுக்கும் வைஸ். அதன் பலத்தைக் கணக்குப் போடுவோம். 15 செ.மீ. நீளமுள்ள பிடியை ஒரு சுற்றுச் சுற்ற, கை சுமார் 94 செ.மீ. நகர்கிறது. திருகின் புரி 4 மி.மீ. இடைவெளி என்றால் தாடை நகர்வது அந்த 4 மி.மீ. மட்டுமே. தூரத்தில் இழந்ததை விசையில் பெறுகிறோம். கணக்குப்படி 235 மடங்கு. உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றாலும், மிஞ்சுவது மாதிரி இஞ்சினின் பிளாஸ்டிக் கூட்டை நொறுக்கப் போதும். தாடைக்குத் தோல் ஒட்டினாலும் முதலில் இடிபடுவது துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடிக் கம்பிகளே.

ஃபோம் என்கிற நுரைப்பஞ்சில் 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, இஞ்சினைத் தலைகீழாகப் படுக்க வையுங்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. பஞ்சு மேடுபள்ளத்துக்கேற்ப அமுங்கிக்கொடுப்பதால் தொடும் பரப்பு கூடும், அழுத்தம் குறையும். இறுக்க வேண்டியதும் இல்லை. இஞ்சினின் எடையே அதைப் பள்ளத்தில் நடுவாக உட்கார வைக்கும்.

பஞ்சும் பள்ளமும் சரிதானா என்று சோதிப்பது எப்படி? சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். இஞ்சின் ஆடினால் பள்ளம் அகலம். சற்று நேரம் கழித்து எடுத்து, சாய்வான வெளிச்சத்தில் வண்ணப்பூச்சைப் பாருங்கள். தடம் விழுந்திருந்தால் அந்தப் பஞ்சு வேண்டாம். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் கறுப்பு அழுக்கைத் துடையுங்கள். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. அழுக்கு அதை மறித்தால் வண்டி திக்கித் திக்கி ஓடும். எண்ணெய் ஊசிமுனை அளவே விடுங்கள். கவிழ்ந்து கிடக்கும் இஞ்சினில் மிச்ச எண்ணெய் மோட்டாருக்குள்தான் வடியும்.

தண்டவாளத் துண்டை அறுக்க வைஸ் தேவைதான். இஞ்சினுக்கு மட்டும் நுரைப்பஞ்சே போதும். பழைய பார்சல் பெட்டியில் வந்ததே கிடைத்தால் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பிளேடால் பள்ளம் வெட்டப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.