உறுதியான பதிவுக்கு வாடகை ஏற்ற முடியாது

ஆடி பிறந்தால் வெள்ளவத்தையில் அறை கிடைப்பது கஷ்டம். லண்டன், டொரொண்டோ பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கொழும்பில் இரண்டு இரவாவது தங்கிவிட்டுத்தான் யாழ்ப்பாணம் புறப்படுவார்கள். இந்த வாரங்களில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. மாசியில் ஏர்பிஎன்பி தளத்தில் பதிவுசெய்து பணமும் கட்டிய குடும்பத்துக்கு, பயணம் நெருங்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "வாடகை கூடிப்போச்சு. மிச்சக் காசைக் கையில தாங்கோ, இல்லாட்டி நீங்களே கான்சல் பண்ணுங்கோ."

குடும்பமும் கான்சல் பண்ணிவிடுகிறது. அதைத்தான் செய்யக்கூடாது. நீங்கள் ரத்துசெய்தால், அந்த வீட்டின் நிபந்தனையைப் பொறுத்து முழுப் பணமும் போகலாம். வீட்டுக்காரர் ரத்துசெய்தால் உங்கள் பணம் முழுதாகத் திரும்பும். அவருக்குத் தண்டமும் விழும்: குறைந்தது 50 டொலர், வருகைக்கு 48 மணித்தியாலத்துக்குள் என்றால் பதிவுத் தொகையில் பாதி. அந்த நாட்களை அதே தளத்தில் வேறு ஒருவருக்கு விற்கவும் பெரும்பாலும் முடியாது. அதனால்தான் உங்களைக் கொண்டு செய்விக்கப் பார்க்கிறார்.

வாடகையை ஏற்றி இறக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையா? உண்டு. ஆனால் இன்னும் விற்காத இரவுகளுக்கு மட்டும். உறுதியான பதிவை மாற்ற வீட்டுக்காரர் தளம் வழியாக ஒரு கோரிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான். நீங்கள் மறுத்தால் பழைய விலையே நிற்கும். ஆகவே பேச்சைத் தளத்தின் செய்திப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வட்ஸ்அப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தளத்துக்கு முறையிடுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் கதை வேறு. விசாவுக்கும் வைத்தியசாலைக்கும் வருகிறவர்கள் தொலைபேசியில் பேசி, வங்கியில் முற்பணம் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். வாசலில் "ஏசிக்கு வேறு, ஆளுக்கு வேறு" என்று கணக்கு மாறுகிறது. முற்பணம் போடுமுன் திகதி, இரவு வாடகை, ஆள் எண்ணிக்கை, ஏசி, வரி ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். வாய்ப்பேச்சு போதாது.

இப்போது வீட்டுக்காரருக்கு. வருடம் முழுவதற்கும் நாட்காட்டியை மாசி விலையிலேயே திறந்துவிட்டு, ஆடியில் அழுவதில் பயனில்லை. ஆடி, மார்கழி விலையை முதலில் போடுங்கள். பிறகு அந்த நாட்களைத் திறவுங்கள். அல்லது மூன்று மாதத்துக்கு அப்பால் பதிவே எடுக்காதபடி அமையுங்கள். தானியங்கி விலையை வைத்தால் குறைந்தபட்சத் தொகையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டப்படி சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கொடுக்கப் பதிவும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். வாடகைத் தொடர்மாடி வீட்டுக்கும் தனி வகை இருக்கிறது. உங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 1 சதவீத சுற்றுலா அபிவிருத்தி வரியையும், வருமானம் எல்லை தாண்டினால் 18 சதவீத வற் வரியையும் இரவு வாடகைக்குள்ளேயே சேர்த்துப் போடுங்கள். விருந்தினர் பெட்டியோடு வந்து நிற்கும்போது அல்ல.

தளத்தில் தீராவிட்டால், அல்லது தளமே இல்லாத பதிவென்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 1977க்கு அழைத்து விசாரிக்கலாம்; ஆனால் முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். மூன்று மாதம்! வெளிநாடு திரும்பி ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டவர்கள்தான் அதிகம். உடன்பாட்டுச் செய்தி, வங்கிச் சிட்டை, கூடுதலாகக் கொடுத்த காசின் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். இடம் பதிவானதா என்று கொள்ளுப்பிட்டி, காலி வீதி 80ஆம் இலக்கத்தில் உள்ள சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் கேட்கலாம், தொலைபேசி 1912.

"சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்கோ" என்று எந்த அரச கருமபீடத்திலும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. கொழும்பிலும் தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழிலேயே எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.