அழிக்க முடியாத பிரதி ஒன்று வேண்டும்



அடியேன் ஓரிக்கையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டதுதான் தகுதி.

2014 மார்ச் மாதம் இருப்பு எடுத்தோம். கம்ப்யூட்டர் கணக்குப்படி குடோனில் இருக்க வேண்டிய துவரம் பருப்பில் ஐந்து மூட்டை இல்லை. பதினெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கு. குடோன் சாவி பதினோரு வருடமாக என்னிடம் வேலை பார்த்த பையனிடம் இருந்தது. "நாளை முதல் வர வேண்டாம்" என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

எங்கள் ஆடிட்டரின் யோசனைப்படி மாதக் கடைசியில் கணக்கைக் குறுந்தகட்டில், அதாவது சி.டி.யில், பதிந்து வைப்பது வழக்கம். பிப்ரவரித் தகட்டைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஐந்து மூட்டைக்கும் பில் இருந்தது. கம்ப்யூட்டரிலோ அதே பில் எண்ணில் வேறொரு கடைக்காரர் பெயரும் வேறு சரக்கும் இருந்தன. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவசரத்தில் புது பில் போடாமல், பழைய பில்லைத் திறந்து பெயரையும் தேதியையும் சரக்கையும் மாற்றி வைத்தவன் நானே. வாங்கியவரும் தம் சிட்டையைப் பார்த்துப் பாக்கியை ஒப்புக்கொண்டார். தவறு என் கை செய்தது. பழி அந்தப் பையன் தலையில் விழ இருந்தது. அந்தத் தகடு இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்த பாவம் என்னைச் சேர்ந்திருக்கும்.

பேரேடும் கம்ப்யூட்டரும்

நம் பெரியவர்கள் தைத்த பேரேட்டில் பக்க எண் போட்டு மையால் எழுதினார்கள். தவறு நேர்ந்தால் அதைச் சுரண்ட மாட்டார்கள். ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும். ஒரு தாளைக் கிழித்தால் பக்க எண் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்ப்யூட்டர் அப்படியல்ல. சிலேட்டைத் துடைத்து எழுதுவது போல, பழையது இருந்த சுவடே இல்லாமல் புதியதை எழுதிவிடும். தெரியாமல் செய்தாலும் வேண்டுமென்றே செய்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

கணக்கின் அருமை நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட பராந்தக சோழர் காலக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலைக்கு நிற்கக் கூடாது என்கின்றன. கல்லில் வெட்டியதால் ஆயிரம் ஆண்டு கடந்தும் யாரும் திருத்த முடியவில்லை. நமக்கு வேண்டியதும் அப்படி ஒரு பிரதிதான்.

எழுதத் தடை செய்யும் வழிகள்

பாட்டு கேசட்டின் பின்புறம் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் பதிவாகாது. பிளாப்பியிலும் இந்த ஏற்பாடு இருந்தது. பெரிய பிளாப்பியின் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடுவோம். சிறிய பிளாப்பியில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைப்போம். படிக்கலாம், எழுத முடியாது.

இன்றுள்ள சாதனங்களில் நிலை இதுதான்:

1. பென் டிரைவ்: பெரும்பாலானவற்றில் பூட்டே கிடையாது. பூட்டுள்ளவை சில உண்டு. கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை ஜெராக்ஸ் கடைக்கு பென் டிரைவ் கொண்டுபோய் வைரசோடு திரும்பினேன். பூட்டு இருந்திருந்தால் அது ஏறியிராது.

2. எஸ்.டி. கார்டு: கேமராவில் போடும் பெரிய கார்டின் பக்கவாட்டில் சிறு தாழ்ப்பாள் உண்டு. கார்டைப் படிக்கும் கருவி அதைப் பார்த்து மதித்தால்தான் பலன். ஆகவே பூட்டியபின் ஏதாவது எழுதிப் பார்த்துச் சோதிக்கவும்.

3. ஒருமுறை மட்டும் எழுதும் சி.டி., டி.வி.டி.: பதிந்ததை மாற்ற முடியாது. திரும்பத் திரும்ப எழுதும் வகையும் கடையில் உண்டு, அதை வாங்கிவிடாதீர்கள். புது கம்ப்யூட்டர்களில் தகடு போடும் இடம் இருப்பதில்லை. தனிக் கருவி வாங்கி இணைக்கலாம். கீறலும் வெயிலும் படக் கூடாது.

4. கோப்பில் "படிக்க மட்டும்" என்று குறியிடுவது: இது கதவைச் சாத்துவது போலத்தான், பூட்டுவது அல்ல. யாரும் அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைத் திறக்க முடியாமல் பூட்டி, 300 டாலர் கேட்டது. இத்தகைய வைரஸ் வந்தால், மிஷினில் செருகியே வைத்திருக்கும் பிரதியும் சேர்ந்து போகும். பிரதி எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

சட்டம் சொல்வது

ஜி.எஸ்.டி. விதி 56, பதிவுபெற்ற வணிகரின் கணக்கில் எழுதியதை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது என்கிறது. தவறானால் கோடிட்டு, சான்றொப்பமிட்டுச் சரியானதை எழுத வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கானால் திருத்தியது, நீக்கியது ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்க வேண்டும். நம் பெரியவர்கள் பேரேட்டில் செய்தது இன்று சட்டமாகியிருக்கிறது. கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகள், திருத்தப் பதிவை அணைக்க முடியாத மென்பொருளையே 1.4.2023 முதல் பயன்படுத்த வேண்டும். தனிநபர், கூட்டு வியாபாரத்துக்கு இந்தக் கம்பெனி விதி இல்லை. ஆனாலும் மென்பொருள் வாங்கும்போது திருத்தப் பதிவு உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

தினமும் கடை மூடும்போது ஒரு பிரதி எடுத்துக் கழற்றிவிடுங்கள். இரண்டு பென் டிரைவை நாள் மாற்றி நாள் பயன்படுத்தினால் ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

மாதக் கடைசியில், மாற்ற முடியாத தகட்டில் இரண்டு பிரதி எடுத்துத் தேதி எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பூட்டு எழுத்தைக் காக்கும். தீயையும் தண்ணீரையும் தடுக்காது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை ஓரிக்கைக்காரர்கள் மறக்க மாட்டோம்.

கடைப் பையன்களுக்குத் தனித்தனிப் பெயரும் ரகசியச் சொல்லும் கொடுங்கள். பில் போடும் உரிமை போதும். பழைய பில்லைத் திருத்தும் உரிமை வேண்டாம். முதலாளிக்கும் மகனுக்கும்கூட இதே கட்டுப்பாடு நல்லது. என் கதையில் கெடுத்தவன் முதலாளிதானே! பழைய பில் தவறானால் திரும்பு சீட்டு போட்டுப் புது பில் எழுதுங்கள்.

எடுத்த பிரதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் இல்லாததே.

அந்தப் பையன் பிறகு தனிக்கடை வைத்து, இன்று என்னிடமே சரக்கு எடுக்கிறான். அவன் பில் போடும்போதெல்லாம் அந்தப் பிப்ரவரித் தகடு எனக்கு நினைவு வரும். பூட்டிய பிரதி திருடனைப் பிடிக்க மட்டும் அல்ல, திருடாதவனைக் காப்பாற்றவும்தான்.